படம் கழுவ எந்த இயங்குதளம்?

கேமரா வேலை முடிந்தது. கார்டு கையில் இருக்கிறது. அதைச் செருகப்போகும் கணினி எது என்பதுதான் அடுத்த கேள்வி. பினாங்கில் அது பெரும்பாலும், "அண்ணே, மேக் வாங்கட்டுமா, விண்டோஸ் போதுமா?" என்றுதான் வரும். கேட்பவர் என்ன படம் எடுக்கிறார், எடுத்ததை யாரிடம் கொடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளாமலே இதற்குப் பதில் சொல்கிறவர் கடைக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த ஊரில் கேமரா தூக்குகிறவர்கள் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. லிட்டில் இந்தியாவைச் சுற்றிக் கல்யாண ஸ்டூடியோ நடத்துகிறவர், ஆல்பம் வடிவமைப்பவர், அச்சகம், வீடியோக்காரர் எனப் பல கைகளோடு கோப்புகளைப் பரிமாறிக்கொள்கிறார். தைப்பூசத்துக்குப் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து கிளம்பும் வெள்ளி ரதத்தின் பின்னாலும், 2017 முதல் வரும் தங்க ரதத்தின் பின்னாலும் தண்ணீர்மலை வரை நடக்கிறவருக்கு இரண்டே நாளில் ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்துவிடும். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரத்தின் கடைவீடுகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறவருக்குப் படங்கள் குறைவு, குறிப்புகள் அதிகம். ஓய்வு பெற்ற பிறகு அப்பா காலத்து ஆல்பங்களை வருடி எடுத்து வைக்கிறவருக்கு அவசரமே கிடையாது. இவர்கள் நால்வருக்கும் ஒரே கணினியைப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

முதலில் மென்பொருள்

இயங்குதளத்தை நாம் பார்ப்பது காலையில் கணினியைத் திறக்கும்போதும் இரவில் மூடும்போதும்தான். நடுவில் எட்டு மணி நேரம் கண் முன்னால் இருப்பது மென்பொருள். ஆகவே எந்த மென்பொருளில் வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

அடோபியின் லைட்ரூம் கிளாசிக், ஃபோட்டோஷாப் இரண்டும் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், லினக்ஸில் கிடையாது. கேப்ச்சர் ஒன் என்ற மென்பொருளுக்கும் அதே நிலைதான். கேனன் இலவசமாகத் தரும் டிபிபி, நிக்கான் தரும் என்எக்ஸ் ஸ்டூடியோ ஆகியவையும் அப்படியே. லினக்ஸில் ஏதோ வித்தை செய்து ஃபோட்டோஷாப்பை ஓடவிடலாம் என்று சொல்லும் இளைஞர்கள் உண்டு. ஓடும்தான். ஆனால் திங்கட்கிழமை ஆல்பம் கொடுக்க வேண்டியவர் ஞாயிற்றுக்கிழமை இரவில் அந்த வித்தையை நம்பி உட்காரக் கூடாது.

மறுபக்கம், ரா கோப்புகளைப் பக்குவப்படுத்தும் டார்க்டேபிள், ராதெரபி, படங்களை அடுக்கி வைக்கும் டிஜிகேம், ஃபோட்டோஷாப்பின் இடத்தில் பலர் பயன்படுத்தும் கிம்ப் ஆகிய நான்கும் இலவசம், மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். டார்க்டேபிள் 2009-இல் லினக்ஸில் தொடங்கியது. அதன் விண்டோஸ் பதிப்பு 2017 டிசம்பரில் வந்தது. கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பழகிவிட்டால் வெள்ளி ரதத்தின் பளபளப்பையும் கீழே தெருவில் சிதறிக்கிடக்கும் தேங்காய் ஓடுகளின் நிழலையும் ஒரே படத்தில் காப்பாற்றித் தரும் அளவுக்குக் கருவிகள் அதில் இருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆப்பிள் 2005-இல் அப்பர்ச்சர் என்ற அருமையான மென்பொருளை வெளியிட்டது. அது மேக்கில் மட்டுமே ஓடும். 2014-இல் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. 2019-இல் வந்த மேக் இயங்குதளத்தில் அது திறக்கவே இல்லை. கூகுள் தன் பட மென்பொருளான பிக்காசாவை 2016-இல் கைவிட்டது. படங்கள் பத்திரமாக இருந்தன. போனது அவற்றின் மேல் செய்திருந்த வேலை. ஒரு மென்பொருளில் செய்த நிறத் திருத்தம் இன்னொன்றுக்கு அப்படியே மாறாது. நட்சத்திரக் குறியீடு, குறிச்சொல், விளக்கம் போன்றவைதான் எக்ஸ்எம்பி என்ற பக்கக் கோப்பு வழியாகக் கூட வரும். ஆகவே குறைந்தது இரண்டு இயங்குதளங்களில் ஓடும் மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். இயங்குதளத்தைத் தயாரிக்கும் நிறுவனமே இலவசமாகத் தரும் படப்பெட்டியில் பத்து வருட உழைப்பைப் போட்டு வைக்காதீர்கள்.

லைட்ரூம் சந்தாக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஒரே சந்தாவை இரண்டு கணினிகளில் செயல்படுத்தலாம், ஒன்று விண்டோஸாகவும் மற்றது மேக்காகவும் இருக்கலாம். கேட்டலாக் கோப்பையும் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கொண்டுபோகலாம். அதனால் ஸ்டூடியோவில் விண்டோஸ் மேசைக்கணினி, வெளியில் மேக்புக் என்று வைத்துக்கொள்வதில் பெரிய சிக்கல் இல்லை.

கூறைச் சேலையின் சிவப்பு

கல்யாண ஆல்பத்தில் சண்டை வருவது முகத்தால் அல்ல, சேலையால். பெண்ணின் அம்மா முதல் பக்கத்தைப் பிரித்ததுமே, "தம்பி, சேலை இந்தக் கலரே இல்லையே" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அரக்குச் சிவப்பும் ராமர் பச்சையும் காவடிகளின் மஞ்சளும் சாதாரணத் திரை காட்டக்கூடிய நிற எல்லையின் விளிம்பில் நிற்பவை. பட்டின் சிவப்பு அந்த எல்லையைத் தாண்டும்போது சிவப்பு அலைவரிசை உச்சத்தில் முட்டி நின்றுவிடுகிறது. மடிப்பு, சுருக்கம், புட்டா எல்லாம் கரைந்து ஒரே சிவப்புத் திட்டாகிறது. ரா கோப்பில் அந்த விவரம் இன்னும் இருக்கக்கூடும். திரை அதைக் காட்டினால்தான் உங்களால் அதை மீட்க முடியும்.

இயங்குதளங்களுக்குள் உண்மையான வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான். ஆப்பிள் 1993 முதல் கலர்சிங்க் என்ற நிற மேலாண்மையை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. படத்தோடு வரும் நிறக்குறிப்பை ஃபைண்டர், பிரிவியூ, சஃபாரி எல்லாமே படித்து மதிக்கின்றன. விண்டோஸ் அந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் ஒவ்வொரு மென்பொருளிடமும் விட்டுவிடுகிறது. ஃபோட்டோஷாப்பும் லைட்ரூமும் அதைச் சரியாகச் செய்யும், மற்றவை செய்யாமலும் போகலாம். விண்டோஸ் 11-இல் தானியங்கி நிற மேலாண்மை வந்திருந்தாலும் எல்லாத் திரைகளிலும் அது கிடைப்பதில்லை. லினக்ஸில் டார்க்டேபிளும் கிம்பும் நிறக்குறிப்பை மதிக்கும், மேசைப்பரப்பு முழுக்க நிற மேலாண்மை என்பது அங்கே அண்மையில்தான் வளரத் தொடங்கியது.

உங்கள் கணினி எப்படி என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சிவப்புச் சேலை நிறைந்த ஒரு படத்தை லைட்ரூமில் திறந்து வையுங்கள். அதே படத்தை மேசைப்பரப்பின் பின்னணிப் படமாகப் போடுங்கள். இரண்டையும் அருகருகே பாருங்கள். பின்னணியில் சேலை கண்ணைக் குத்தும் அளவுக்குக் கூடுதல் சிவப்பாக இருந்தால், உங்கள் திரை விரிந்த நிற எல்லை கொண்டது, இயங்குதளம் அதைக் கட்டுப்படுத்தவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட கணினியில், நிறத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேசும்போது லைட்ரூமை மட்டும் திறந்து காட்டுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் நிறத்துக்காக மட்டும் மேக் வாங்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்பைடர், கேலிபிரைட் போன்ற திரை அளவுமானி ஒன்று, இயங்குதளத்தை மாற்றுவதைவிட அதிகம் சாதிக்கும். அவற்றோடு வரும் மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான். லினக்ஸில் டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருள் வழியாக அவற்றில் பலவற்றைப் பயன்படுத்தலாம். அளவுமானி வாங்கும் முன்பே செய்ய வேண்டியது திரையின் வெளிச்சத்தைக் குறைப்பது. கடையிலிருந்து வரும் திரை கண் கூசும் வெளிச்சத்தில் இருக்கும், அதை நம்பித் திருத்திய படம் அச்சில் இருண்டு வரும். 100 முதல் 120 நிட்ஸ் போதும். பழைய கடைவீட்டில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் முற்றத்து வெளிச்சம் திரைமேல் விழாத சுவரோரமாக மேசையைத் திருப்பிப் போடுங்கள். காலையிலும் மாலையிலும் மாறும் வெளிச்சத்தில் எந்த அளவுமானியும் உதவாது.

அச்சகத்துக்கு எஸ்ஆர்ஜிபி நிறக்குறிப்போடு ஜேபெக் கொடுங்கள். வேறு வேண்டுமென்றால் அவர்களே சொல்வார்கள்.

தமிழில் எழுதினால்

வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இந்தப் பகுதி இருக்காது. நமக்கோ ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மணமக்கள் பெயர் தமிழில் வர வேண்டும். தைப்பூசப் படத்துக்குத் தமிழில் விளக்கம் எழுத வேண்டும்.

தட்டச்சு இன்று எங்கும் பிரச்சினை இல்லை. நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு, பிறகு முரசு அஞ்சலாக வளர்ந்தது. மேக்கில் கூடவே வரும் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் எழுத்துருக்கள் அவர் உருவாக்கியவை. தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் மேக்கில் உண்டு. விண்டோஸிலும் 2019 மே மாதப் புதுப்பிப்பு முதல் இவை கூடவே வருகின்றன. விண்டோஸின் எழுத்துருக்கள் லதாவும் நிர்மலாவும். லினக்ஸிலும் தமிழ்99 உண்டு. நம் எழுத்தை மூன்று இயங்குதளங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டன, அந்த வகையில் ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்று எதுவும் இல்லை.

சிக்கல் ஃபோட்டோஷாப்புக்குள் இருக்கிறது. 'பெயர்' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கோ' என்றால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்துப் பத்து எழுத்துருக்களை இறக்கிப் பார்ப்பார்கள். கெட்டது எழுத்துரு அல்ல. பழைய பதிப்புகளில் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்துப் பகுதியில் உரை இயந்திரத்தை 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்று மாற்ற வேண்டும். புதிய பதிப்புகளில் பத்திப் பலகையின் பட்டியலில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ், மேக் இரண்டிலும் இதே வைத்தியம்தான்.

கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. காரணம் நுணுக்கமானது. 'கோவில்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 2017 வரை மேக்கில் பயன்பட்ட பழைய வட்டு அமைப்பு, கோப்புப் பெயரை இரண்டாகப் பிரித்தே எழுதி வைக்கும். அந்த வட்டிலிருந்து விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ போன கோப்பைத் தேடினால் கிடைக்காது. பிரதி எடுக்கும் மென்பொருள் ஒரே கோப்பை இரண்டு கோப்புகளாக எண்ணிக்கொள்ளும். ஆகவே கோப்புப் பெயர் ஆண்டு, மாதம், நாள் என எண்ணில் தொடங்கட்டும், மீதி ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். தமிழை விளக்கக் குறிப்பில் தாராளமாக எழுதுங்கள், ஜேபெக்கில் அது படத்துக்குள்ளேயே பதிந்து எங்கு போனாலும் கூடவே போகும்.

பழைய எழுத்துருக்களில், அதாவது யூனிகோடுக்கு முந்தைய முறையில், வாழ்த்து வாசகங்களும் அட்டை வடிவங்களும் சேர்த்து வைத்திருக்கும் ஸ்டூடியோக்கள் அவற்றை மாற்றி முடிக்கும்வரை விண்டோஸை விட்டு நகர வேண்டாம்.

வட்டும் வாடிக்கையாளரும்

ஒரு ரா கோப்பு 30 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தில் 3,000 படம் எடுத்தால் 90 ஜிபி. இதை எங்கே வைப்பது என்பதைவிட, எந்த அமைப்பில் வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டை மேக் படிக்கும், கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் வட்டை விண்டோஸால் படிக்கவே முடியாது. அதைவிட ஆபத்து, அப்படிப்பட்ட வட்டைச் செருகினால், பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கக்கூடும். மகள் கல்யாணப் படம் முழுவதும் உள்ள வட்டைச் செருகிய அப்பா, கேட்கிறதே என்று சரியை அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வட்டு எப்போதும் எக்ஸ்ஃபேட் அமைப்பில் இருக்கட்டும். மூன்று இயங்குதளங்களும் அதில் படிக்கும், எழுதும். பெரிய எஸ்டி கார்டுகளும் அந்த அமைப்பில்தான் வருகின்றன. ஆனால் எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் நடந்ததைத் திருத்திக்கொள்ளும் பதிவேடு அதில் கிடையாது. அதனால் முறையாக வெளியேற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். உங்கள் சொந்த மூலப்படங்களை உங்கள் இயங்குதளத்தின் சொந்த அமைப்பிலேயே வையுங்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைப் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பினார். மேக்கில் டைம் மெஷின் இதைப் பாதி செய்து தருகிறது, விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி. லினக்ஸில் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மாலையில் மழையும் இடியும் வரும் ஊரில் இருந்துகொண்டு, பிரதிக்கு ஆகும் பணத்தை மிச்சப்படுத்தாதீர்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு இன்னொன்று. திருவிழா இரவில் கார்டு கார்டாகப் பிரதி ஓடும்போது, புதுப்பிப்புக்காகக் கணினி தானாகவே நின்று திரும்ப எழும். அமைப்புகளில் போய்ப் புதுப்பிப்பை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். தைப்பூசத்துக்கு முந்திய வாரமே நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். மேக்காரர்கள் ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பை முதல் மாதத்தில் தொடவே வேண்டாம். உங்கள் மென்பொருளும் பிரிண்டரும் அதோடு ஒத்துப்போகும் என்று அந்தந்த நிறுவனங்கள் சொன்ன பிறகு போடலாம்.

வீட்டில் இருக்கும் பழைய கணினி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டமும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். இன்டெல் 1972-லேயே பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை தொடங்கிய நிறுவனம். உங்கள் பழைய கணினியின் சில்லு நம் தீவிலேயே உறையிடப்பட்டதாகக்கூட இருக்கலாம். அதற்காக மைக்ரோசாஃப்ட் சலுகை காட்டப்போவதில்லை.

மேக் பக்கமும் இதே கதைதான். 2020 நவம்பரில் எம்1 சில்லு வந்ததிலிருந்து ஆப்பிள் இன்டெல்லை விட்டு விலகிக்கொண்டே வந்தது. 2025-இல் வெளியான டஹோதான் இன்டெல் மேக்குகள் ஏற்கும் கடைசிப் பதிப்பு. யாராவது மலிவாக இன்டெல் மேக் விற்கிறேன் என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் கை கொடுக்கும். 16 ஜிபி நினைவகமும் ஒரு எஸ்எஸ்டி வட்டும் போட்டால், பத்து வயதுக் கணினிகூட டிஜிகேமில் குடும்பப் படங்களை முகம் முகமாக அடுக்க நன்றாகவே உதவும். ஆனால் இரைச்சல் நீக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை, லைட்ரூமில் 2023-இல் வந்தது போன்றவற்றை, பழைய கணினியில் எதிர்பார்க்காதீர்கள். அவற்றுக்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மேக்கில் வாங்கும்போது எவ்வளவு நினைவகமோ கடைசிவரை அவ்வளவுதான். விண்டோஸ் மேசைக்கணினியில் பிறகு கூட்டிக்கொள்ளலாம், வட்டு சேர்க்கலாம், கிராஃபிக்ஸ் அட்டையை மாற்றலாம். மேக்கில் கூடுதல் சேமிப்பிடத்துக்கு ஆப்பிள் கேட்கும் விலை எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை. சிறிய உள்வட்டோடு வாங்கி, வெளியில் ஒரு வேகமான எஸ்எஸ்டி சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

யாருக்கு எது

கல்யாண ஸ்டூடியோவுக்கு விண்டோஸ் 11 மேசைக்கணினி, 32 ஜிபி நினைவகம், தனி கிராஃபிக்ஸ் அட்டை, அளவுமானி. வடிவமைப்பாளரும் அச்சகமும் அனுப்பும் கோப்புகள் எழுத்துரு உட்பட தொந்தரவில்லாமல் திறக்க வேண்டும் என்பதுதான் காரணம், வேறு பெருமை எதுவும் இல்லை. வாடிக்கையாளரின் பென்டிரைவ்கள் வந்துபோகும் கணினி ஆகையால் நச்சுநிரல் சோதனை கட்டாயம்.

தனியாக வேலை செய்கிறவர், தைப்பூசம், தெருப்படம், சஞ்சிகை வேலை என்று சுற்றுகிறவர் ஆப்பிள் சில்லு கொண்ட மேக்புக் வாங்கலாம். 513 படி ஏறி மலைக்கோயிலில் எடுத்த படத்தை, மின்செருகி தேடாமல் அங்கேயே உட்கார்ந்து தேர்ந்தெடுத்து அனுப்புகிறவருக்கு மின்கலம் நீடிப்பது பெரிய விஷயம். நிறத்தைப் பற்றிய கவலையும் பாதி குறையும்.

கடைவீடுகளை ஆவணப்படுத்துகிறவருக்கும் குடும்ப ஆல்பக்காரருக்கும் லினக்ஸ் தாராளமாகப் போதும், பழகப் பொறுமை இருந்தால். அவர்கள் சேர்ப்பது முப்பது வருடம் கழித்துத் திறக்க வேண்டிய படங்கள். எந்தச் சந்தாவும் முடியாத, எந்த நிறுவனமும் மூடிவிட முடியாத மென்பொருள் அவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

இப்போது வைத்திருக்கும் இயங்குதளத்தில் வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால், மாற்றவே வேண்டாம், அந்தப் பணத்தில் அளவுமானியும் இரண்டு வட்டும் வாங்குங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஆடியில் மாற்றுங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை கல்யாணம் குறைவு, பழைய கணினியையும் அருகில் வைத்துக்கொண்டு புதியதில் ஒரு மாதம் பழகலாம். மார்கழியில் தொடங்கினால் தை பிறந்ததும் கல்யாணமும் தைப்பூசமும் சேர்ந்து வந்து நிற்கும்.